எம்மா: பின்லாந்து கைப்பற்றிய சோவியத் இயந்திரத் துப்பாக்கி

எம்மா என்பது இரண்டாம் உலகப் போரின்போது பின்லாந்துப் படையினர் சோவியத் படைகளிடமிருந்து கைப்பற்றிப் பயன்படுத்திய டி.பி. வகை இலகு இயந்திரத் துப்பாக்கிக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர். இதை வடிவமைத்தவர் வசீலி தெக்தியாரியோவ் என்ற ரஷ்யப் பொறியாளர். டி.பி. என்ற எழுத்துகள் 'தெக்தியாரியோவின் காலாட்படைத் துப்பாக்கி' என்பதன் ரஷ்யச் சுருக்கம். 1927ஆம் ஆண்டு சோவியத் படையில் சேர்க்கப்பட்டதால் டி.பி.-27 என்றும் சில நூல்களில் டி.பி.-28 என்றும் குறிக்கப்படுகிறது.

போரில் எதிரியின் ஆயுதம் கைக்குக் கிடைப்பது புதிதல்ல. பெரும்பாலான நாடுகளில் அவ்வாறு கிடைத்தவை வெற்றிச் சின்னமாக நகரச் சதுக்கத்திலோ அருங்காட்சியகத்திலோ வைக்கப்பட்டன; அல்லது ஆய்வுக்காகப் பிரித்துப் பார்க்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டன. பின்லாந்தில் நடந்தது வேறு. அங்கு எதிரியிடமிருந்து கிடைத்த துப்பாக்கி, சொந்த நாட்டுத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட துப்பாக்கியை எண்ணிக்கையிலும் படையினரின் விருப்பத்திலும் மிஞ்சியது. 1944ஆம் ஆண்டு கோடையில் பின்லாந்துப் படையின் போர்முனையில் உள்நாட்டு இலகு இயந்திரத் துப்பாக்கிகள் ஏறத்தாழ 3,400 இருந்தன. கைப்பற்றப்பட்ட டி.பி. துப்பாக்கிகளோ ஏறத்தாழ 9,000.

பின்னணி

பின்லாந்து 1917 டிசம்பர் வரை ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதியாக இருந்தது. விடுதலை பெற்றபோது நாட்டில் எஞ்சியிருந்த ஆயுதங்களில் பெரும்பாலானவை ரஷ்யப் படை விட்டுச் சென்றவை. மொசின் வகை ரைபிள்கள், நீரால் குளிர்விக்கப்படும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவை யாவும் ஒரே 7.62 மி.மீ. ரஷ்யத் தோட்டாவைச் சுடுபவை. புதிய அரசு வேறு தோட்டாவுக்கு மாற வேண்டுமானால் கையில் இருந்த அத்தனை துப்பாக்கிகளையும் தூக்கி எறிய வேண்டியிருக்கும். 40 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஏழை விவசாய நாட்டால் அது முடியாது. எனவே சில சிறு மாற்றங்களுடன் அதே தோட்டாவையே பின்லாந்து தன் படைக்கும் வைத்துக்கொண்டது. சிக்கனத்துக்காக எடுக்கப்பட்ட இந்த முடிவுதான் இருபது ஆண்டுகள் கழித்துப் பெரிய பயன் தந்தது. எதிரியிடமிருந்து பறித்த துப்பாக்கியில் தன் தோட்டாவையும், தன் துப்பாக்கியில் எதிரியின் தோட்டாவையும் போட்டுச் சுட முடிந்தது.

உள்நாட்டுத் துப்பாக்கி

பின்லாந்திடம் சொந்தமாக ஓர் இலகு இயந்திரத் துப்பாக்கி இருக்கவே செய்தது. ஐமோ லஹ்தி, ஆர்வோ சலோராந்தா ஆகிய இருவர் வடிவமைத்த லஹ்தி-சலோராந்தா எம்/26 அது. ஐமோ லஹ்தி புகழ்பெற்ற வடிவமைப்பாளர். பின்லாந்துப் படையின் சுவோமி என்னும் சிறு இயந்திரத் துப்பாக்கியும் அவர் உருவாக்கியதே. எம்/26 துப்பாக்கி இவாஸ்குலா நகரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரானது. அது குறி தவறாத துப்பாக்கி. பயிற்சிக் களத்தில் அதைக் குறை சொல்ல அதிகம் இருக்கவில்லை.

குறைகள் போர்முனையில் தெரிந்தன. அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாகப் பொருந்துமாறு கடையப்பட்டவை. தூசியோ பனித்துகளோ உள்ளே போனால் இயக்கம் தடைபட்டது. கடுங்குளிரில் எண்ணெய் தடித்துப்போய் உறுப்புகளைப் பிடித்துக்கொண்டது. பிரித்துச் சுத்தம் செய்ய நேரமும் பொறுமையும் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையில் உறைந்த விரல்களோடு பதுங்குகுழியில் கிடக்கும் ஒருவருக்கு இரண்டுமே கிடையாது. மேலும் அதன் தோட்டாக்கூட்டில் 20 தோட்டாக்கள் மட்டுமே கொள்ளும். நிமிடத்துக்கு 500 தோட்டா என்ற வேகத்தில் விசையை அழுத்திப் பிடித்தால் இரண்டரை நொடிக்குள் கூடு காலியாகிவிடும். பின்லாந்து மொழியில் இவ்வகைத் துப்பாக்கிக்கு 'விரைவுத் துப்பாக்கி' என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. இருபது தோட்டா கொண்ட எம்/26 உண்மையில் அந்தப் பெயருக்கு ஏற்றபடி விரைந்து சுடும் ஒரு கனத்த கைத்துப்பாக்கியாகவே இருந்தது. தொடர்ந்து சுட்டு எதிரியைத் தலைதூக்க விடாமல் செய்வது அதற்கு எளிதாக இல்லை.

தெக்தியாரியோவின் வடிவமைப்பு

வசீலி தெக்தியாரியோவ் 1880இல் துலா நகரில் பிறந்தவர். துலா ரஷ்யாவின் பழைய ஆயுதத் தொழில் நகரம். முறையான உயர்கல்வி இல்லாமல் பட்டறையில் தொழில் கற்று உயர்ந்தவர் அவர். பின்னர் கோவ்ரோவ் நகர ஆயுதத் தொழிற்சாலையில் பணியாற்றினார். அவருடைய துப்பாக்கியைப் புரிந்துகொள்ள, அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1920களின் சோவியத் நாட்டில் நுட்பமான கடைசல் இயந்திரங்கள் குறைவு. தேர்ந்த தொழிலாளர்கள் குறைவு. படையில் சேர்ந்தவர்களில் பலர் கிராமத்து உழவர்கள். அதிகத் திறன் தேவைப்படாமல் செய்யவும், அதிகப் பயிற்சி இல்லாமல் பயன்படுத்தவும் கூடிய ஒரு துப்பாக்கி அவர்களுக்குத் தேவைப்பட்டது.

டி.பி. துப்பாக்கி வாயுவால் இயங்குவது. தோட்டா வெடிக்கும்போது குண்டைத் தள்ளிக்கொண்டு குழலில் செல்லும் வாயுவின் ஒரு சிறு பகுதி, குழலின் கீழே உள்ள துளை வழியாகப் பிரிந்து ஓர் உந்துதண்டைப் பின்னுக்குத் தள்ளும். அந்தத் தண்டு பூட்டுப் பகுதியைத் திறந்து, வெற்றுக் கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை உள்ளே இழுக்கும். வெடிக்கும் கணத்தில் பூட்டு அசையாமல் இருக்க அதன் இரு பக்கமும் இரண்டு சிறு தகடுகள் உண்டு. சுடும் ஊசி முன்னே வரும்போது அந்தத் தகடுகளை இரு புறமும் விரித்து, பக்கச் சுவர்களில் உள்ள பள்ளங்களில் ஊன்றச் செய்யும். தகடுகள் முழுதாக விரியாவிட்டால் ஊசியால் தோட்டாவைத் தொடவே முடியாது. எனவே பூட்டப்படாமல் வெடிக்கும் விபத்துக்கு இடமில்லை. சிறகு விரிப்பது போன்ற இந்தப் பூட்டுமுறையின் மூலக் கருத்து சுவீடன் நாட்டவரான பிரிபெர்க் என்பவருடையது. அதை மலிவாகவும் பெரும் எண்ணிக்கையிலும் செய்யத்தக்கதாக மாற்றியது தெக்தியாரியோவின் சாதனை.

துப்பாக்கியின் தலைமேல் படுத்திருக்கும் வட்டத் தட்டுதான் யாருடைய கண்ணிலும் முதலில் படுவது. அது அழகுக்காக வைக்கப்பட்டதல்ல. ரஷ்யத் தோட்டாவின் அடிப்பகுதியில் விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அத்தகைய தோட்டாக்களை நேரான பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு விளிம்பு மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும். இதே சிக்கல் பிரிட்டிஷ் .303 தோட்டாவுக்கும் உண்டு. இந்தியப் படையில் நெடுங்காலம் இருந்த பிரென் துப்பாக்கியின் தோட்டாக்கூடு வாழைக்காய் போல வளைந்திருப்பதன் காரணம் அதுவே. தெக்தியாரியோவ் வேறு வழியை எடுத்தார். 47 தோட்டாக்களையும் ஒரே அடுக்கில், குண்டின் முனை நடுவை நோக்கியும் விளிம்பு வெளிவட்டத்தை நோக்கியும் இருக்குமாறு தட்டில் படுக்க வைத்தார். முனைகள் ஒல்லியானவை என்பதால் நடுவில் நெருங்கி இருக்கும். பருத்த அடிப்பகுதிகளுக்கு வெளிவட்டத்தில் போதிய இடம் கிடைக்கும். தட்டுக்குள் இருக்கும் சுருள்வில் அதைச் சுழற்றி ஒவ்வொரு தோட்டாவாக வாயிலுக்குக் கொண்டுவரும். முதல் உலகப் போரின் லூயிஸ் துப்பாக்கியிலும் வட்டத் தட்டு உண்டு. ஆனால் அதைத் துப்பாக்கியின் இயக்கமே சுழற்றியது. இங்கே தட்டு தானே சுழல்கிறது. துப்பாக்கிக்குச் சுமை குறைவு.

வெறும் துப்பாக்கியின் எடை 9 கிலோவுக்குச் சற்று அதிகம். நீளம் 127 செ.மீ. நிமிடத்துக்கு 500 முதல் 600 தோட்டா வரை சுடும். ஒரு தட்டு ஏறத்தாழ ஐந்து நொடி நீடிக்கும். எம்/26 தந்த இரண்டரை நொடியோடு ஒப்பிட்டால் இது இரு மடங்கு. உறுப்புகளுக்கிடையே தாராளமான இடைவெளி இருந்ததால் மண்ணும் பனியும் அவ்வளவாகத் தடை செய்யவில்லை. உறுப்புகளின் எண்ணிக்கையும் குறைவு. கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்காது.

குளிர்காலப் போரில்

1939 நவம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியது. 1940 மார்ச் 13 வரை 105 நாள்கள் நீடித்த இந்தப் போர் குளிர்காலப் போர் எனப்படுகிறது. விமானம், பீரங்கி, டாங்கி என எதை எண்ணினாலும் சோவியத் தரப்பின் பலம் பல மடங்கு அதிகம். பின்லாந்துப் படையில் சேர அழைக்கப்பட்டவர்களில் பலருக்கு முழுச் சீருடையே கிடைக்கவில்லை. தொப்பியில் குத்த ஒரு சின்னமும் இடுப்பு வாரும் மட்டும் பெற்று வீட்டு உடையிலேயே போர்முனைக்குச் சென்றோர் உண்டு.

சோவியத் காலாட்படையில் ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு டி.பி. துப்பாக்கி வழங்கப்பட்டிருந்தது. அதாவது ஒரு டிவிஷன் படை நகர்ந்தால் அதோடு நூற்றுக்கணக்கான இயந்திரத் துப்பாக்கிகள் நகரும். அந்த டிவிஷன் சிதறினால் அவை அங்கேயே கிடக்கும். பின்லாந்தின் கிழக்கெல்லையில் சிதறியவை ஒன்றிரண்டல்ல. டிசம்பர் 12 அன்று தோல்வாயார்வியில் கிடைத்த வெற்றி முதலாவது. ஆனால் ஆயுதம் பெருமளவில் கிடைத்ததற்குப் பெயர்பெற்றது சுவோமுசல்மி.

சோவியத்தின் 163ஆவது டிவிஷன் டிசம்பர் தொடக்கத்தில் சுவோமுசல்மி ஊரைப் பிடித்தது. நாட்டை நடுவில் இரண்டாக வெட்டிக் கடற்கரையை எட்டுவது திட்டம். கர்னல் யால்மர் சீலாஸ்வுவோ தலைமையிலான பின்லாந்துப் படை அந்த டிவிஷனைச் சுற்றி வளைத்து டிசம்பர் இறுதிக்குள் முறியடித்தது. அதற்கு உதவியாக ராத்தே சாலை வழியே வந்துகொண்டிருந்தது உக்ரைனிலிருந்து கொண்டுவரப்பட்ட 44ஆவது டிவிஷன். ராத்தே சாலை காட்டுக்குள் போகும் ஒற்றைத் தடம். இரு புறமும் ஆழ்ந்த பனி. வண்டிகளும் டாங்கிகளும் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நின்றுவிட்டன. பனிச்சறுக்குக் கட்டைகளில் காட்டின் வழியே வந்த பின்லாந்துப் படையினர், 1940 ஜனவரி முதல் வாரத்தில் அந்த நீண்ட வரிசையைத் துண்டு துண்டாக வெட்டினர். விறகுக்காக வெட்டி அடுக்கும் மரக்குவியலைக் குறிக்கும் 'மோத்தி' என்ற சொல்லால் இம்முறை பின்னாளில் அறியப்பட்டது. வெட்டுண்ட ஒவ்வொரு துண்டும் உணவின்றி, நெருப்பின்றி, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையை நெருங்கிய குளிரில் அடங்கியது.

சாலையில் மிஞ்சியவை டாங்கிகள், பீரங்கிகள், லாரிகள், குதிரைகள், சமையல் வண்டிகள், துப்பாக்கிகள். பனியில் உறைந்த உடல்களுக்கிடையிலிருந்துதான் பல டி.பி. துப்பாக்கிகள் எடுக்கப்பட்டன. 'கைப்பற்றப்பட்டது' என்ற சொல் ஏட்டில் எளிதாகத் தெரிகிறது. குளிருக்கு ஏற்ற உடைகூடப் போதிய அளவில் இன்றி அனுப்பப்பட்ட உக்ரைன் இளைஞர்கள்தாம் அந்த ஆயுதங்களைச் சுமந்து வந்தவர்கள். தப்பித் திரும்பிய டிவிஷன் தலைவர் வினோகிராதோவ், ஜனவரி 11 அன்று தம் படையினரின் கண்முன்பே சோவியத் அரசால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போரின் இறுதிக்குள் பின்லாந்திடம் ஆயிரக்கணக்கான டி.பி. துப்பாக்கிகள் சேர்ந்திருந்தன. அழிந்த டாங்கிகளிலிருந்து கழற்றப்பட்ட டி.டி. வகையும் அவற்றோடு சேர்ந்தது. டி.டி. என்பது அதே துப்பாக்கியின் டாங்கிக்கான வடிவம். குறுகிய இடத்துக்கு ஏற்ப உள்ளிழுக்கும் பின்கட்டையும் அதிகத் தோட்டா கொள்ளும் தடித்த தட்டும் கொண்டது. முன்னே தாங்குகால் பொருத்தினால் தரையில் வைத்தும் சுடலாம்.

பெயர் வந்த கதை

தலைமேல் கறுத்த வட்டத் தட்டு, சுடும்போது அது மெல்லச் சுழலும். 1930களின் மனிதர் எவருக்கும் இதைக் கண்டால் கிராமபோனும் இசைத்தட்டும் நினைவுக்கு வந்தே தீரும். அந்தக் காலத்தில் பின்லாந்தின் வீடுகளில் அதிகம் ஒலித்த இசைத்தட்டுகளில் ஒன்று 'எம்மா' என்ற வால்ஸ் நடனப் பாடல். தூரே ஆரா என்ற பாடகர் 1929இல் பாடி வெளியான அந்தப் பதிவு நாடெங்கும் பரவியது. துப்பாக்கிக்கும் அந்தப் பெண்பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. சோவியத் படையினரும் தம் துப்பாக்கியை இசைத்தட்டுக் கருவியோடு ஒப்பிட்டே கேலிப்பெயர் வைத்திருந்தனர் என்பது வேடிக்கை. எல்லையின் இரு பக்கமும் ஒரே உவமை.

பின்லாந்தின் அதிகாரப்பூர்வப் பதிவேடுகளில் எம்மா என்ற பெயர் கிடையாது. அங்கே அது வெறும் 'ரஷ்ய விரைவுத் துப்பாக்கி'.

கைப்பற்றிய துப்பாக்கியைப் பயன்படுத்துவதன் சிக்கல்கள்

எதிரியின் துப்பாக்கியை எடுத்துச் சுடுவது திரைப்படத்தில் காட்டுவதுபோல் எளிதல்ல. முதல் தேவை தோட்டா. ஜெர்மனியும் பின்னர் சோவியத்திடமிருந்து இதே துப்பாக்கியை ஆயிரக்கணக்கில் கைப்பற்றியது. அதற்கு 120 என்ற எண்ணும், ரஷ்யாவைக் குறிக்கும் எழுத்தும் கொடுத்துத் தன் அயல்நாட்டு ஆயுதப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஜெர்மன் படையின் தோட்டா 7.92 மி.மீ. அளவுடையது; அது இதில் நுழையாது. கைப்பற்றிய தோட்டாக்கள் தீர்ந்தால் துப்பாக்கி இரும்புத் துண்டுதான். எனவே ஜெர்மனியில் அது பெரும்பாலும் காவற்படைகளுக்கும் துணைப்படைகளுக்கும் உரியதாக நின்றது. பின்லாந்துக்கு இந்தத் தடை இல்லை. மேலே சொன்ன பழைய முடிவின் பயன் இங்கேதான் தெரிகிறது.

அடுத்தது உதிரி உறுப்புகள். எதிரியின் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதி உறுப்பு வாங்க முடியாது. உடைந்த மூன்று துப்பாக்கிகளைப் பிரித்து இரண்டைச் சேர்ப்பதே எங்கும் வழக்கம். டி.பி. துப்பாக்கியின் உறுப்புகள் தாராள இடைவெளியோடு செய்யப்பட்டிருந்ததால் ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்துவது எளிதாக இருந்தது. தோட்டாத் தட்டு மட்டும் தலைவலி. மெல்லிய தகட்டால் ஆன அது கீழே விழுந்தால் நசுங்கும், நசுங்கினால் சுழலாது. 47 தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சுருள்வில்லை எதிர்த்துத் தட்டில் நிரப்புவது சலிப்பூட்டும் வேலை. சுடுபவருக்குத் துணையாக வருபவர் மூன்று தட்டுகள் கொண்ட இரும்புப் பெட்டியைச் சுமந்து வருவார். அவை தீர்ந்தபின் சண்டை நடுவே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது சிக்கல் ஓசை. பழகிய காதுக்கு ஒவ்வொரு துப்பாக்கியின் ஓசையும் வேறு. காட்டில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதில் விழுவதே அதிகம். எதிரியின் துப்பாக்கியால் சுடும் நண்பரை எதிரி என்று எண்ணிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதே ஒற்றுமை எதிரியை ஏமாற்றவும் உதவும் என்பதால் எதிரியின் எல்லைக்குள் ஊடுருவும் ரோந்துப் படையினருக்கு இத்தகைய ஆயுதம் ஏற்றதாக இருந்தது. அங்கே தோட்டா தீர்ந்தாலும் எதிரியிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

தொடர்ச்சிப் போர்

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபோது பின்லாந்தும் அதன் பக்கம் நின்று போரில் இறங்கியது. இழந்த நிலத்தை மீட்பதே நோக்கம் என்று பின்லாந்து கூறியது. குளிர்காலப் போரின் முடிவில் நாட்டின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிலம் பறிபோயிருந்தது. நான்கு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீடிழந்திருந்தனர். எனினும் படைகள் பழைய எல்லையோடு நிற்காமல் சோவியத்தின் கிழக்குக் கரேலியாவுக்குள்ளும் சென்றன. 1939இல் தாக்கப்பட்ட நாடு என்ற நிலைக்கும் 1941இல் நாஜி ஜெர்மனியின் உடன்போராளி என்ற நிலைக்கும் உள்ள வேறுபாட்டை இந்தத் துப்பாக்கியின் வரலாறு மறைத்துவிடக் கூடாது.

1941இன் விரைவான முன்னேற்றத்தில் ஆயுதங்கள் மேலும் குவிந்தன. எம்மாவின் எண்ணிக்கை பெருகியது பெரும்பாலும் இக்காலத்தில்தான். ஆயுதங்களோடு மனிதர்களும் சிக்கினர். இப்போரில் ஏறத்தாழ 64,000 சோவியத் வீரர்கள் பின்லாந்திடம் சிறைப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 19,000 பேர் முகாம்களில் பசியாலும் நோயாலும் பிற காரணங்களாலும் மாண்டனர். பெரும்பாலான சாவுகள் முதல் குளிர்காலத்திலேயே நிகழ்ந்தன. பறித்த துப்பாக்கிகளுக்கு எண்ணெயும் பழுதுபார்ப்பும் தவறாமல் கிடைத்தன என்ற செய்தியை இந்த எண்களோடு சேர்த்துப் படிப்பது பொருத்தம்.

உள்நாட்டு எம்/26 துப்பாக்கியின் உற்பத்தி 1942ஆம் ஆண்டோடு முடிந்தது. மொத்தம் 5,000க்குச் சற்று அதிகமாகவே அவை செய்யப்பட்டிருந்தன. போர் நடக்கும்போதே ஒரு நாடு தன் இலகு இயந்திரத் துப்பாக்கி உற்பத்தியை நிறுத்துவது விந்தையாகத் தோன்றலாம். எதிரியே போதிய அளவு 'வழங்கிக்கொண்டிருந்த' நிலையில், அரிய எஃகையும் கடைசல் இயந்திரங்களையும் சுவோமி போன்ற வேறு ஆயுதங்களுக்குத் திருப்புவதே அறிவுடைமையாகப் பட்டது.

1944 ஜூனில் சோவியத் படை கரேலியப் பூசந்தியில் பெரும் தாக்குதல் தொடுத்தது. பின்வாங்கிய பின்லாந்துப் படை தாலி-இகந்தாலா பகுதியில் அதைத் தடுத்து நிறுத்தியது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 3,400, 9,000 என்ற எண்கள் இந்தக் கோடைக்காலத்துக்கு உரியவை. செப்டம்பரில் போர்நிறுத்தம் வந்தது. அதன் நிபந்தனைப்படி, வடக்கே லாப்லாந்தில் இருந்த ஜெர்மன் படைகளைப் பின்லாந்தே விரட்ட வேண்டியிருந்தது. எம்மா இப்போது நேற்றைய கூட்டாளியை நோக்கித் திரும்பியது.

குறைகள்

எம்மாவைப் பற்றிய புகழுரைகள் மிகைபடச் சொல்லப்படுவதும் உண்டு. அதன் மீள்வில் குழலுக்கு நேர் கீழே, உந்துதண்டைச் சுற்றி இருந்தது. தொடர்ந்து சுட்டால் குழலின் சூடு வில்லில் ஏறி அதன் விசையைக் குறைக்கும். துப்பாக்கி மந்தமாகி நின்றுவிடும். சூடான குழலைச் சண்டையின்போது மாற்றுவது கடினம். முன்புறத் தாங்குகால்கள் பலவீனமானவை. எளிதில் வளையும், சில நேரம் தொலையும். வடக்கின் உறைகுளிரில் சூடேறும் சிக்கல் சற்றே தணிந்தது என்பது பின்லாந்துக்கு வாய்த்த நல்வாய்ப்பு. தெற்கின் கோடை வெயிலில் ஜெர்மானியரோடு மோதிய சோவியத் வீரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சோவியத் பொறியாளர்களும் இதை உணர்ந்தே இருந்தனர். 1944இல் வந்த டி.பி.எம். வடிவத்தில் மீள்வில் பின்பக்கம் ஒரு குழாய்க்குள் நகர்த்தப்பட்டது, கைப்பிடி சேர்க்கப்பட்டது, தாங்குகால் வலுவாக்கப்பட்டது. பிறகு தட்டுக்குப் பதில் தோட்டாப் பட்டியைச் செலுத்தும் ஆர்.பி.-46 வந்தது. எல்லா வடிவங்களையும் சேர்த்தால் தெக்தியாரியோவின் துப்பாக்கி ஏறத்தாழ 8 லட்சம் எண்ணிக்கையில் செய்யப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. சீனா இதை 53ஆம் வகை என்ற பெயரில் உருவாக்கியது. கொரியாவிலும் வியட்நாமிலும் இது ஒலித்தது.

போருக்குப் பின்

போர் முடிந்த பின்லாந்திடம் புதிய ஆயுதம் வாங்கப் பணமில்லை. சோவியத்துக்குக் கட்ட வேண்டிய போர் இழப்பீடு பெரும் சுமையாக இருந்தது. எனவே கைப்பற்றிய துப்பாக்கிகளே சமாதான காலப் படையிலும் தொடர்ந்தன. போரைக் கண்டிராத 1950களின் இளைஞர்களும் கட்டாயப் படைப்பயிற்சியில் எம்மாவின் தட்டை நிரப்பக் கற்றுக்கொண்டனர். 1962இல் உள்நாட்டிலேயே உருவான கே.வி.கே.கே. 62 என்ற புதிய இலகு இயந்திரத் துப்பாக்கி ஏற்கப்பட்ட பிறகு பழையது படிப்படியாகக் கிடங்குக்குப் போனது.

இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் உள்ள டி.பி. துப்பாக்கிகளில் பின்லாந்து வழியாக வந்தவற்றை அடையாளம் காண ஒரு குறி உதவுகிறது. 1942 முதல் பின்லாந்துப் படை தன் உடைமையான ஆயுதங்களில் 'எஸ்.ஏ.' என்ற இரண்டு எழுத்துகளை ஒரு சிறு கட்டத்துக்குள் பொறித்தது. 'சுவோமென் ஆர்மெய்யா', அதாவது பின்லாந்துப் படை என்பதன் சுருக்கம் அது. அத்தகைய துப்பாக்கிகளில் சோவியத் தொழிற்சாலையின் முத்திரையும் தயாரிப்பு ஆண்டும் அழிக்கப்படாமல் அப்படியே இருக்க, அதே இரும்பின் மேல் இந்த இரண்டாவது முத்திரையும் காணப்படுகிறது.